பாலாவிச் சந்தியில் நின்ற சூப்பர் ஹீரோ

றைஸாவுக்குத் தன் தையலில் பெருமை உண்டு. அதை அவள் ஒளித்துவைத்ததும் இல்லை. நோன்பு பிறந்துவிட்டால் தில்லையடியில் அவளுடைய வீட்டு வாசலில் செருப்புக் கழற்ற இடமிருக்காது. மணப்பெண்ணின் சட்டை, மதறஸாப் பிள்ளைகளின் வெள்ளை உடுப்பு, பள்ளிவாசல் ஜன்னலுக்குத் திரைச்சீலை, எதைக் கொடுத்தாலும் தைப்பாள். ஆனால் ஒரு சூப்பர் ஹீரோவுக்கு அளவெடுப்பாள் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

கேட்டு வந்தவர் லாபிர் நானா. உள்நாட்டுச் சண்டை முடிந்து வீதியெல்லாம் அகலமாகி, வடக்கே போகிற பஸ்களும் லொறிகளும் பாலாவிச் சந்தியில் இரவு பகலாக இரைந்துகொண்டிருந்த காலம். கல்பிட்டிப் பாதை பிரியும் இடத்தில் சிறுபிள்ளைகளுக்கென்றே ஒரு உடுப்புக்கடை போட்டால் நன்றாக ஓடும் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். திறப்பு நாளில் வாசலில் ஒரு சூப்பர் ஹீரோ நின்று பிள்ளைகளுக்குப் பலூன் கொடுக்க வேணும் என்பது அவருடைய ஆசை. கொழும்பிலிருந்து எடுப்பித்த ஹீரோ உடுப்புப் பார்சலைப் பிரித்துப் பார்த்தால் அது ஒரு பொடியன் போடும் அளவில் இருந்தது.

"பெரிய ஆளுக்கு ஒண்டு தைச்சுத் தாங்க தங்கச்சி. போடுறதுக்கு ஆளும் உங்கட வீட்டிலயே இருக்குத்தானே" என்றார்.

அவர் சொன்ன ஆள் றைஸாவின் மாப்பிள்ளை, அவளைக் கட்டிய நௌஃபர். ஓட்டோ ஓட்டுபவன். அந்த நாட்களில் ஓட்டோ எஞ்சின் கழன்று கராஜில் கிடந்ததால் வீட்டில் சும்மா இருந்தான். ஆள் நல்ல உயரம். உயரத்தைத் தவிர ஹீரோவுக்குரிய வேறெதுவும் அவனிடம் இல்லை. ஒல்லி. சத்தம் போட்டுக் கதைக்கத் தெரியாது. ஒழுங்கைக்குள் நாய் நின்றால் அடுத்த ஒழுங்கையால் சுற்றி வருவான். அவர்களோடு ஒரே வீட்டில் இருக்கும் றைஸாவின் உம்மா, "இந்தப் புள்ளைக்கு ரத்தத்தில சூடே இல்ல" என்று கலியாணப் பேச்சு நடந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார்.

றைஸா நீலக் காற்சட்டையும் மஞ்சள் மேற்சட்டையும் தைத்தாள். நெஞ்சில் உப்பளத்துக்கு வரும் வெள்ளைப் பறவையொன்றை வெட்டிப் பொருத்தினாள். தோளிலிருந்து கணுக்கால்வரை தொங்க, பளபளவென்று ஒரு சிவப்புப் போர்வை. நௌஃபரை நடுவீட்டில் நிறுத்தி அளவு சரிபார்க்கும்போது அவர்களுடைய மகள் நிஃப்லா கன்னத்தில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாப்பா, உங்களுக்கு என்ன பவர்?"

"பலூன் ஊதுறது."

"பகிடி விடாதீங்க. சூப்பர் ஹீரோ எண்டா நல்லவரா இருக்க வேணும். நீங்க நல்லவர் எண்டு புள்ளைகளுக்கு எப்பிடித் தெரியும்?"

"கெட்டவங்களை அடிச்சு விழுத்துறவர்தானே நல்லவர்?"

"கெட்டவங்களும்தான் ஆக்களை அடிச்சு விழுத்துறாங்க."

றைஸா வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தாள்.

திறப்பு நாள் காலையில் சந்தியே கடைவாசலில் நின்றது என்று சொல்லலாம். பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், சீமெந்து லொறிச் சாரதிகள், பள்ளிக்கூடம் இல்லாத நாளென்பதால் ஊரிலுள்ள பிள்ளைகள் எல்லாரும் வந்திருந்தார்கள். காற்றில் சிவப்புப் போர்வை விரிந்து பறக்கும்போதெல்லாம் பிள்ளைகள் கத்தினார்கள். கடைக்குள் நின்ற பெண்களிடம், "தைச்சது நான்தான்" என்று றைஸா கேட்காமலே சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவளுடைய ஒரே தம்பி ஃபைஸலும் வருவதாகச் சொல்லியிருந்தான். நகரத்தில் ஃபோன் திருத்தும் கடையில் வேலை செய்பவன். மச்சானை அந்தக் கோலத்தில் பார்த்துச் சிரிக்க வேணும் என்றுதான் அனுமதி கேட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டிருந்தான்.

அவன் சந்திக்கு வந்து சேர்ந்த நேரத்தில், கல்பிட்டிப் பக்கமிருந்து மரக்கறி மூட்டைகளோடு வந்த லொறியொன்று நிற்காமல் பெரிய வீதிக்குள் ஏறித் திரும்பியது.

றைஸா சத்தத்தைத்தான் முதலில் கேட்டாள். பிறகு எல்லாரும் ஓடுவதைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பார்த்தபோது தாரில் ஃபைஸல் கிடந்தான். வலது கால் பார்க்க முடியாதபடி முறுக்கிப்போயிருந்தது. ஹெல்மெட்டுக்குள் கண்கள் மூடியிருந்தன. நௌஃபர் அவளுக்கு முன்னமே அங்கே வந்திருந்தான். லாபிர் நானாவின் வானை எடுப்பித்து, இரண்டு பேரின் உதவியோடு ஃபைஸலைத் தூக்கி அதற்குள் கிடத்தியவனும் அவன்தான். மஞ்சள் சட்டை முழுக்க ரத்தம்.

"மூச்சு இருக்கு தங்கச்சி. வானுக்குள்ள இடமில்ல, நீங்க பின்னால வாங்க" என்று லாபிர் நானா கத்திவிட்டு வானை எடுத்தார்.

வான் போன திசையைப் பார்த்தபடி றைஸா நின்றாள். பின்னாலிருந்து கூச்சல் கேட்டது. லொறிச் சாரதியை இழுத்து விழுத்தியிருந்தார்கள். ஒருவன் உதைத்தான். இன்னொருவன் மரக்கறி மூட்டை கட்டிய கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தான். தமிழிலும் சிங்களத்திலும் தூஷணம் பறந்தது. "ஃபோன்ல கதைச்சுக்கிட்டு வந்தவன்! நான் கண்ணால கண்டன்!" என்று யாரோ சொன்ன சொல் றைஸாவின் காதில் விழுந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஃபைஸலை அவள்தான் இடுப்பில் வைத்து வளர்த்தாள். காலிலிருந்த செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தது அவளுக்கே தெரியாது. ஆட்களை இடித்துக்கொண்டு உள்ளே போனாள். நடுவில் தெரிந்த தலையைப் பார்த்து ஓங்கி அடித்தாள்.

அடி நௌஃபரின் கன்னத்தில் விழுந்தது.

வானில் ஏறாமல் திரும்பி வந்தவன், அந்தச் சாரதிமேல் கவிழ்ந்து கிடந்தான். சிவப்புப் போர்வையை விரித்து அவனை மூடி, மேலே தன் உடம்பை வைத்திருந்தான். முதுகில் உதை விழுந்துகொண்டிருந்தது.

"விடுங்க. இவன் செத்துப்போவான். விடுங்க."

"தள்ளடா! உன்ட மச்சானை அடிச்சவன்டா இவன்!"

"என்ட மச்சான்தான்." நௌஃபர் முழங்காலில் எழும்பினான். குரல் நடுங்கியது. ஆனாலும் அவன் அவ்வளவு பலமாகக் கதைத்து றைஸா கேட்டதில்லை. "அதனாலதான் சொல்றன். அவன்ட பேரைச் சொல்லி ஒருத்தரும் ஒருத்தரையும் அடிக்க வேணாம். பொலிஸ் வரட்டும். அதுவரைக்கும் அடிக்கிறதெண்டா எனக்கு அடிங்க."

கடைப் படியில் நின்ற பிள்ளைகள் என்ன நடக்கிறதென்று விளங்காமல், "அடியுங்க ஹீரோ! அடியுங்க!" என்று கத்தினார்கள். எல்லாரையும் அடித்து விழுத்தப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஹீரோவோ கையைக்கூட ஓங்கவில்லை. அந்தக் கூட்டத்தில் அவன் கையால் விழக்கூடியவர்கள் ஒருவரும் இருந்ததுமில்லை.

நௌஃபர் அப்போதுதான் றைஸாவைக் கண்டான். அவள் கையிலிருந்த செருப்பைப் பார்த்தான். கோபப்படவில்லை.

"றைஸா, எனக்கு ரெண்டு பக்கமும் மறைக்க ஏலாது. நீங்க இந்தப் பக்கம் வந்து நில்லுங்க."

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அவனையும் சேர்த்து அடித்திருப்பாள். தம்பி உயிரோடிருக்கிறானா இல்லையா என்று தெரியவில்லை, இந்த மனிசன் இவனுக்குக் குடை பிடிக்கச் சொல்கிறானே! அந்த நேரம் போர்வைக்குள்ளிருந்து சாரதி தலையை நிமிர்த்தினான். இருபத்தைந்துக்குள்தான் வயதிருக்கும். முன்பல் ஒன்று உடைந்து வாயெல்லாம் ரத்தம். ஃபோன் இன்னும் அவன் கையில் இறுகியிருந்தது. அவளைப் பார்த்து அவன் கேட்டது ஒன்றுதான்.

"அக்கா, அந்தப் பொடியனுக்கு உயிர் இருக்கா?"

றைஸா செருப்பைக் கீழே போட்டாள். அவள் சுற்றி நின்ற முகங்களைப் பார்த்தாள். அரைவாசிப் பேருக்கு ஃபைஸலின் பெயர்கூடத் தெரியாது. கயிற்றோடு நின்றவன் பஸ்ஸுக்குக் காத்திருந்தவன். பஸ் வந்தால் ஏறிப்போய்விடுவான். பிறகு தன் மாப்பிள்ளையைப் பார்த்தாள். நாய்க்குப் பயந்தவன், கன்னம் வீங்கி, அசையாமல் நின்றான்.

அவள் போய் மற்றப் பக்கத்தில் நின்றாள். இரண்டு கைகளையும் விரித்தாள்.

"விழுந்து கிடந்தவன் என்ட தம்பி. ஆருக்காவது அடிக்க உரிமை இருந்தா அது எனக்கு. நான் அடிச்சு முடிச்சிட்டன். இனி ஒருத்தரும் அடிக்க வேணாம்."

கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள். யாரோ துப்பினார்கள். ஆனால் அடிபட்டவனின் ராத்தாவைத் தள்ளிக்கொண்டு போக ஒருவருக்கும் மனம் வரவில்லை. கயிற்றோடு நின்றவன் அதைக் கீழே போட்டான். பொலிஸ் ஜீப் வந்து சாரதியை ஏற்றும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள்.

ஃபைஸல் பிழைத்தான். கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கண் விழித்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலருகில் மஞ்சள் சட்டையும் கிழிந்த போர்வையுமாக மச்சான் நிற்பதைக் கண்டு, மயக்கத்திலும் சிரித்தான். ஆனால் நடந்ததை அறிந்ததும் அந்தச் சிரிப்புப் போய்விட்டது.

"அவன் ஃபோன்ல கதைச்சுக்கிட்டு வந்து என்ட காலை முறிச்சிருக்கான். நீங்க அவனுக்குக் காவல் நிண்டீங்களா மச்சான்?"

ஃபைஸல் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பினான். வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் படுக்கவைத்த பிறகும் அவன் மச்சானோடு கதைக்கவில்லை. உம்மாவும் மருமகனுக்குச் சோறு போடுவதோடு சரி.

சந்தியில் யாரோ ஃபோனில் எடுத்த படம் ஊரெல்லாம் சுற்றியது. செருப்படி வாங்கிய ஹீரோ என்று அதற்குப் பெயர் வைத்துச் சிரித்தார்கள். சட்டை தைக்கத் துணி கொண்டுவந்த ஒரு பெண், "கெட்டவனுக்கு வக்காலத்து வாங்கின ஹீரோவாமே உங்கட மாப்புள?" என்று வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள். றைஸா அந்தத் துணியை அழகாக நான்காய் மடித்து அவள் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"வேற இடத்தில தைச்சுக்கொள்ளுங்க" என்றாள். "என்ட மாப்புளயப் பத்தி இந்த வீட்டு வாசல்ல நிண்டு அப்பிடிக் கதைக்க ஏலாது."

சொன்ன பிறகுதான் தன் குரலில் எவ்வளவு திமிர் இருந்ததென்று அவளுக்கே தெரிந்தது. அது அவளுக்குப் பிடித்துமிருந்தது. தைத்த உடுப்பைப் பார்த்துப் பெருமைப்பட்டிருக்கிறாள். உடுப்புக்குள் நின்ற ஆளை நினைத்து அவள் நெஞ்சு நிமிர்ந்தது இப்போதுதான்.

ஒரு பின்னேரம், ஒரு பை வெங்காயமும் கருவாடுமாக, கல்பிட்டிப் பக்கத்து மாம்புரியிலிருந்து ஒரு தாய் வந்தார். பெயர் மாக்கிறட். லொறி ஓட்டிய ஜெனிஸ்டனுடைய அம்மா. வாசலில் நின்று நௌஃபரைக் கண்டதும் கைகூப்பி அழத் தொடங்கிவிட்டார். றைஸா அவரை விறாந்தைக் கதிரையில் இருத்திப் பிளேன்டீ கொடுத்தாள்.

"நான்தான் தம்பி அவனோட ஃபோன்ல கதைச்சிக்கிட்டிருந்தது" என்றார் மாக்கிறட். "சாப்பிட்டியா எண்டு கேக்க எடுத்தன். டமார் எண்டு சத்தம். பிறகு புள்ளை கத்துறான், ஆக்கள் அடிக்கிறாங்க, எல்லாம் கேக்குது. நான் வீட்டுக்குள்ள நிண்டு கத்துறன். பிறகு உங்கட குரல் கேட்டுச்சு. எனக்கு அடிங்க எண்டு சொன்னீங்க. அந்தக் குரலை நான் சாகுமட்டும் மறக்க மாட்டன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"வழக்கு வருது தம்பி. உங்களைச் சாட்சிக்குக் கூப்பிடுவாங்களாம். அவன்ட கையில ஃபோன் இருந்த கதையை மட்டும் சொல்லாம விடுங்க. நீங்க சொல்லாட்டி மத்தவங்கட சொல்லு எடுபடாது எண்டு லோயர் சொல்றார். லைசன் போனா அவனுக்கு வேற தொழில் தெரியாது. காப்பாத்தின நீங்களே கைவிடாதீங்க."

றைஸா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பயமாக இருந்தது. நௌஃபர் இளகின மனம் படைத்தவன். ஒரு தாய் அழுதால் எதற்கும் தலையாட்டிவிடுவான். முன்னறையில் கால்கட்டோடு ஃபைஸல் படுத்திருந்தான். ஒரு திரைச்சீலைதான் இடையில். ஒவ்வொரு சொல்லும் அவனுக்குக் கேட்டிருக்கும்.

நௌஃபர் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு அவர் முன்னால் இருந்தான்.

"அக்கா" என்றான். "அவன் பிழை செய்யேல்ல எண்டு நினைச்சு நான் அண்டைக்கு நிக்கேல்ல. பிழை செய்தவன் எண்டு தெரிஞ்சுதான் நிண்டன். ஃபோனை நான் அவன்ட கையில கண்டனான். ஒருத்தரும் கேக்காட்டி நானாப் போய்ச் சொல்ல மாட்டன். ஆனா கோட்டில கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவன். உள்ளுக்குப் படுத்திருக்கிறவனுக்கும் நான் மச்சான்தானே?"

"அப்ப எதுக்குத் தம்பி காப்பாத்தினீங்க?"

"உயிரோட இருந்து பதில் சொல்லட்டும் எண்டுதான் அக்கா."

மாக்கிறட் தேத்தண்ணியை முழுக்கக் குடிக்காமல் எழும்பினார். கொண்டுவந்த பையை எடுத்துப் போகவில்லை. படலையைச் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ்தரிப்பை நோக்கி நடந்தார். நௌஃபரின் முகம் சுருங்கிப்போயிருந்தது. ஒரு தாயின் மனதை நோகடித்த பாவம் அவனை வாட்டுவதை றைஸா கண்டாள். அவன் பக்கத்தில் போய் இருந்தாள். உதை வாங்கிக்கொண்டு நிற்பதைவிட இது அவனுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும் என்று மட்டும் நினைத்தாள். அவனுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து உம்மா பார்த்துக்கொண்டிருப்பதை அறிந்தும் விடவில்லை.

திரைச்சீலைக்கு அப்பாலிருந்து ஃபைஸலின் குரல் வந்தது.

"மச்சான்."

இரண்டு பேரும் திடுக்கிட்டார்கள்.

"இந்தக் கட்டுக்குள்ள கடிக்குது. சொறிய ஒரு ஈர்க்கு எடுத்துக்கொண்டு வாங்க."

நௌஃபர் எழும்பி ஓடிய வேகத்தைப் பார்த்து றைஸாவுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. அன்று இரவுச் சாப்பாட்டில், உம்மா ஒன்றும் பேசாமல் மாம்புரிக் கருவாட்டைப் பொரித்து, பெரிய துண்டை மருமகனின் பீங்கானில் வைத்தார்.

வழக்கு நாளில் றைஸா இருவரோடும் புத்தளம் நீதிமன்றத்துக்குப் போனாள். ஃபைஸல் கைத்தடியோடு. நௌஃபர் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சேட்டில். எதிர்ப்பக்க வாங்கில் உட்கார்ந்து மாக்கிறட் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். மகன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான்.

நௌஃபரைக் கூப்பிட்டார்கள். அவன் அடிபட்டவனின் மச்சான் என்றார்கள். சாரதியை அடியிலிருந்து காத்தவன் என்றும் சொன்னார்கள். ஃபோன் எங்கே இருந்தது என்று கேள்வி வந்தது.

"அவர்ட கையில" என்றான் நௌஃபர். கொஞ்சம் நிறுத்தி, கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னான். "அடி வாங்கிக்கொண்டு கிடக்கும்போது அவர் கேட்டது அந்தப் பொடியன் உயிரோட இருக்கானா எண்டுதான். அதையும் எழுதிக்கொள்ளுங்க."

ஜெனிஸ்டனின் லோயர் எழும்பினார். அவர் வாயைத் திறக்குமுன் ஜெனிஸ்டனே கையை உயர்த்தினான். "ஓம் ஐயா, நான் ஃபோன்ல கதைச்சுக்கிட்டுத்தான் வந்தன். பிழை என்டது." மாக்கிறட் மணிகளை உருட்டுவதை நிறுத்தினார். மகனை நிமிர்ந்து பார்த்தார்.

றைஸாவுக்குப் பக்கத்தில், வேறொரு வழக்குக்கு வந்திருந்த சிலாபத்துப் பெண்ணொருத்தி இருந்தாள். அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. "அந்த உயரமான ஆள் யாருடைய பக்கம் அக்கா? ரெண்டு பேருக்கும் சாதகமாச் சொல்றாரே?" என்று காதுக்குள் கேட்டாள்.

"அவர் என்ட மாப்புள" என்றாள் றைஸா. மெதுவாகச் சொல்ல வேணும் என்றுதான் நினைத்தாள். குரல் உயர்ந்துவிட்டது. முன் வாங்கிலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பொலிஸ்காரர் விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நீதவான் தண்டம் விதித்தார். லைசனைச் சில காலத்துக்கு நிறுத்திவைத்தார். மறியல் இல்லை, சிறைக்குப் போகத் தேவையில்லை என்றானது.

வெளியே மரநிழலில் ஜெனிஸ்டன் ஃபைஸலிடம் வந்தான். முன்பல் இருந்த இடம் இன்னும் ஓட்டையாகவே இருந்தது.

"பல்லுக் கட்டேல்லையா?" என்று ஃபைஸல் கேட்டான்.

"இன்னும் இல்ல அண்ணே. கால் நோகுதா?"

"மழை வந்தா நோகும்."

"இப்ப அப்பாவோட வள்ளத்தில போறன்" என்றான் ஜெனிஸ்டன். "மீன் பட்டா கொண்டுவாறன்."

ஃபைஸல் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, கொண்டுவா என்றும் சொல்லவில்லை. கைத்தடியை மாற்றிப் பிடித்துக்கொண்டு தலையை அசைத்தான். மாக்கிறட் கொஞ்சம் தள்ளி நின்றார். நௌஃபரோடு கதைக்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை. றைஸாவைத் தாண்டிப் போகும்போது மட்டும் நின்று, அவளுடைய கையை ஒருமுறை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார்.

ஓட்டோ இப்போது ஓடுகிற நிலையில் இருந்தது. ஃபைஸலைப் பின்சீட்டில் காலை நீட்டி இருக்கவைத்து, பக்கத்தில் ஒடுங்கி றைஸா ஏறிக்கொண்டாள். நௌஃபர் எஞ்சினைக் கிளப்பினான். நீதிமன்ற வாசலில் ஒரு நாய் குறுக்கே படுத்திருந்தது. அவன் ஹோர்ன் அடிக்கவில்லை. ஓட்டோவை மெல்லப் பின்னுக்கெடுத்து, மதிலோரமாகச் சுற்றிக்கொண்டு வீதிக்கு ஏறினான். பின்சீட்டில் ராத்தாவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துச் சத்தமாகச் சிரித்தார்கள்.